உலகத் தொடரில் கடைசி இடம்... ஊரில் ஒரு கிளப்! இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் கதை

2022 ஜூலையில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சி நிச்சயம் ஞாபகம் இருக்கும். நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். பைக்கை ஓரம்கட்டி செல்ஃபி எடுத்தவர்கள் எத்தனை பேர்! பஸ் ஸ்டாப்பில் இருந்து பால் பாக்கெட் வரைக்கும் வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை கும்பிடு போட்டது. மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த நேரம் அது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, புடாபெஸ்ட்டில் நடந்த ஒலிம்பியாட்டில் ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியாவுக்குத் தங்கம். அதே 2024 டிசம்பரில் நம்ம ஊர் குகேஷ் உலக சாம்பியன்.

குகேஷுக்கு முன்னால் யார் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட 'ஆனந்த்' என்று சொல்லிவிடும். சரி, ஆனந்துக்கு முன்னால்?

இந்தக் கேள்வியை எங்கள் டெஸ்க்கில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் யோசித்தார்கள். ஒருவர் கூகுள் பண்ணினார். அந்தப் பெயர் மானுவல் ஆரோன். சர்வதேச மாஸ்டர் பட்டம் வாங்கிய முதல் இந்தியர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். சென்னையில் அவர் தொடங்கிய ஒரு கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் போய் உட்கார்ந்து ஆடினான்.

தாத்தா ஆடிய செஸ் வேற மாதிரி!

ஆரோன் என்ன செய்தார் என்று புரிய, அந்தக் காலத்தில் நம் வீடுகளில் ஆடிய சதுரங்கம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். எங்கள் தாத்தா ஆடும்போது சிப்பாயை முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தள்ளினால் கையைப் பிடித்துக்கொள்வார். "ஒரு கட்டம்தான்டா" என்பார். ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததும் தாத்தா சொல்வதும் ஒத்துப்போகாமல் நான் அழுதிருக்கிறேன். தாத்தாவுக்கு விதி தெரியவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர் ஆடியது பழைய இந்திய முறை.

அந்த முறையில் சிப்பாய் பொதுவாக ஒரு கட்டம்தான் நகரும். இன்று ராஜாவைப் பாதுகாக்க நாம் செய்யும் 'கேஸ்லிங்' கிடையாது. அதற்குப் பதிலாக, ஒருமுறைகூட செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒருமுறை குதிரை மாதிரி தாவலாம். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் இஷ்டத்துக்கு ராணியாக்க முடியாது. எந்தக் காய்க்குரிய வரிசையில் போய்ச் சேர்கிறதோ, அந்தக் காயாகத்தான் மாறும். இதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

இந்த ஆட்டத்தில் அபாரத் திறமைசாலிகள் இருந்தார்கள். பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான், இந்திய முறையில் ஆடிப் பழகியவர்தான். இங்கிலாந்துக்குப் போய், சர்வதேச விதிகளுக்கு மாறி, 1929, 1932, 1933 என மூன்றுமுறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். பிறகு ஊர் திரும்பினார். போட்டி உலகில் இருந்து காணாமல் போனார். அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்தது 2024-ல், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து!

ஒரு சுல்தான் கான் வந்தார், போனார். பின்னால் யாரும் வரவில்லை. விதி வேறு, புத்தகம் இல்லை, வெளியூர் ஆட்டக்காரர்களோடு தொடர்பு இல்லை. வீட்டுத் திண்ணையில் எத்தனை மேதை இருந்தாலும் உலக மேடைக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது.

பர்மாவில் பிறந்தவர்

1935 டிசம்பர் 30-ம் தேதி, அன்றைய பிரிட்டிஷ் பர்மாவில் இருக்கும் டவுங்கூ என்ற ஊரில் பிறந்தவர் ஆரோன். பெற்றோர் இந்தியர்கள். வளர்ந்தது, பள்ளிப்படிப்பு எல்லாம் தமிழ்நாட்டில். பி.எஸ்சி படித்தது அலகாபாத் பல்கலைக்கழகத்தில்.

1957-ல் தமிழ்நாடு சாம்பியன். அப்போது வயது 21. அடுத்து 1959-ல் தேசிய சாம்பியன். இந்தியாவில் தேசிய சாம்பியன்ஷிப் என்ற ஒன்றே 1955-ல்தான் ஆந்திராவின் ஏலூரில் தொடங்கியது. ஆக, போட்டி நடத்தும் பழக்கமே அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

1960-ல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒலிம்பியாட். இந்திய அணிக்கு ஆரோன்தான் கேப்டன். அங்கே அவர் எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் மேக்ஸ் ஆய்வ். நெதர்லாந்துக்காரர், கணக்கு வாத்தியார், 1935-ல் அலெகைனைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனவர். ஆரோன் பிறந்த அதே வருடம்! 24 வயது இந்தியர், 59 வயது முன்னாள் உலக சாம்பியனை வீழ்த்தினார். இன்று இப்படி ஒன்று நடந்தால் பத்து நிமிடத்தில் ரீல்ஸ் வந்துவிடும். அன்று இந்தியாவில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தியின் கனம் புரிந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த வருடம் இன்னும் பெரிய வருடம். உலக சாம்பியன்ஷிப் சுற்றுக்குப் போவதற்கான மண்டலப் போட்டிகள். மங்கோலியாவின் சுகென் மோமோவை 3-1 எனத் தோற்கடித்தார். அடுத்து ஆஸ்திரேலியாவின் செசில் பர்டி. தபால் வழி செஸ்ஸில் முதல் உலக சாம்பியன் ஆனவர் இந்த பர்டி. (ஆமாம், ஒரு நகர்த்தலை போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டு, பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து ஆடுவார்கள். வாட்ஸ்அப் புளூ டிக்குக்கே நமக்குப் பொறுமை இல்லை!) அவரை 3-0 என ஆரோன் மடக்கினார். அதற்குப் பரிசாகக் கிடைத்ததுதான் சர்வதேச மாஸ்டர் பட்டம். வருடம் 1961.

அந்த வருடம்தான் அர்ஜுனா விருது என்ற ஒன்றை இந்திய அரசு ஏற்படுத்தியது. முதல் ஆண்டுக்கான பட்டியலிலேயே சதுரங்கத்துக்காக ஆரோன் பெயர் இருந்தது.

ஸ்டாக்ஹோமில் 22 ஆட்டங்கள்

மண்டலப் போட்டியில் ஜெயித்ததற்கு இன்னொரு பரிசும் உண்டு. 1962 தொடக்கத்தில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஸோனல் தொடரில் இடம். உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்வு செய்யும் பாதையில் இது முக்கியமான கட்டம். மொத்தம் 23 பேர். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஆட வேண்டும். அதாவது ஆளுக்கு 22 ஆட்டங்கள், ஒரு மாதத்துக்கும் மேல்.

வந்திருந்தவர்கள் யார் யார்? பெட்ரோசியன், கெல்லர், கோர்ச்னாய், ஸ்டெய்ன் என சோவியத் படை. அமெரிக்காவில் இருந்து, இன்னும் 19 வயது நிறையாத பாபி ஃபிஷர். அந்தத் தொடரில் ஃபிஷர் இரண்டாம் இடத்தைவிட இரண்டரைப் புள்ளி அதிகம் எடுத்து முதலிடம் பிடித்தார். சோவியத் யூனியனைச் சேராத ஒருவர் இன்டர்ஸோனலில் ஜெயித்தது அதுவே முதல்முறை.

ஆரோன்? கடைசி இடம். 23-வது.

இதை மறைத்துவிட்டு 'உலக ஜாம்பவான்களை அலறவிட்ட தமிழர்' என்று எழுதிவிட்டுப் போகலாம். நிஜம் அப்படி இல்லை. சோவியத் வீரர்களுக்குப் பின்னால் பயிற்சியாளர்கள், நூலகங்கள், சின்ன வயதில் இருந்தே திறமையைக் கண்டுபிடித்து வளர்க்கும் 'பயனியர் மாளிகைகள்' என ஒரு தேசமே நின்றது. இந்தியாவில் அவர்களோடு மோதிப் பழகுவதற்கு இன்னொரு சர்வதேச மாஸ்டர்கூட கிடையாது. அவர் ஒருவர்தான்.

ஆனால், அந்த அட்டவணையைக் கவனமாகப் பார்த்தால் இரண்டு கட்டங்களில் ஆரோன் பெயருக்கு நேராக வெற்றி இருக்கிறது. ஒன்று, ஹங்கேரியின் லாயோஷ் போர்டிஷ். பின்னாளில் எட்டு முறை கேண்டிடேட்ஸ் சுற்றுக்குத் தகுதி பெற்றவர். இன்னொன்று, கிழக்கு ஜெர்மனியின் வுல்ஃப்காங் உல்மான். 'ஃபிரெஞ்சு டிஃபென்ஸ்' என்றாலே செஸ் உலகம் நினைத்துப் பார்க்கும் பெயர். ஸ்டாக்ஹோமில் இருந்து அடுத்த சுற்றுக்குப் போக ஆறு பேருக்குத்தான் இடம். போர்டிஷும் சரி, உல்மானும் சரி, அந்த ஆறில் வரவில்லை. கடைசி இடத்துக்காரரிடம் பறிகொடுத்த முழுப் புள்ளி எவ்வளவு உறுத்தியிருக்கும்!

17 வருடம் தனியாக...

அதற்குப் பிறகு 1962-ல் பல்கேரியாவின் வார்னா, 1964-ல் இஸ்ரேலின் டெல் அவிவ் ஒலிம்பியாட்களிலும் ஆரோன் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார். உள்ளூரில் அவரை அசைக்க ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1969-ல் இருந்து 1973 வரை தேசியப் பட்டம் தொடர்ந்து அவரிடமே. ஒன்பதாவது, கடைசிப் பட்டம் 1981-ல். தமிழ்நாடு பட்டத்தை 11 முறை வென்றார். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே 25 வருட இடைவெளி.

இத்தனையும் செய்தவர் ஏன் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை? கமென்ட்டில் யாராவது கேட்பீர்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டம் என்பது ஊரில் ஜெயித்தால் கிடைப்பது கிடையாது. ஏற்கெனவே பட்டம் வாங்கிய, பல நாட்டு ஆட்டக்காரர்கள் கலந்துகொள்ளும் தொடர்களில் குறிப்பிட்ட அளவு புள்ளி எடுக்க வேண்டும். அதைத்தான் 'நார்ம்' என்கிறார்கள். இந்தியாவில் பட்டம் வாங்கியவர்களே இல்லாதபோது, இங்கே நார்ம் எடுக்கும்படியான தொடர் எப்படி நடக்கும்? வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். அந்நியச் செலாவணிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த 60-களில், செஸ் ஆடுவதற்காக ஐரோப்பாவில் மாதக்கணக்கில் தங்குவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஆக, முதல் ஆள் வெளியே போய் வாங்கி வந்தால்தான் இரண்டாவது ஆளுக்கு வழி கிடைக்கும். அந்த இரண்டாவது ஆள் வருவதற்கு 17 வருடம் ஆனது. 1978-ல் ஆசிய ஜூனியர் சாம்பியன் ஆகி சர்வதேச மாஸ்டர் பட்டம் வாங்கிய வி.ரவிக்குமார்தான் அவர். அவரும் தமிழ்நாடுதான் என்பது தற்செயல் இல்லை. ஏன் என்பதற்கு 1972-க்குப் போக வேண்டும்.

டால் பெயரில் ஒரு கிளப்

1972. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதிய வருடம். அமெரிக்கா - சோவியத் பனிப்போரே 64 கட்டங்களுக்குள் நடப்பதாக உலகம் பார்த்தது. செஸ் தெரியாதவர்கள்கூட பேப்பரில் செஸ் செய்தி படித்தார்கள். அப்போது உலக செஸ் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? லைப்சிக்கில் ஆரோனிடம் தோற்ற அதே மேக்ஸ் ஆய்வ்!

அந்த வருடம்தான் மெட்ராஸில் சோவியத் கலாச்சார மையத்தில் ஆரோன் ஒரு செஸ் கிளப்பைத் தொடங்கினார். ஆழ்வார்பேட்டையில் இருக்கும் இன்றைய ரஷ்யக் கலாச்சார மையத்தின் அந்நாள் பெயர் அது. கிளப்பின் பெயர், 'மிகாயில் டால் செஸ் கிளப்'. ரீகாவில் பிறந்து, 23 வயதில் உலக சாம்பியன் ஆனவர் டால். ராணியையும் குதிரையையும் தாராளமாகப் பலிகொடுத்து எதிராளியைத் திணறடிக்கும் ஆட்டக்காரர்.

பெயர் மட்டுமே சோவியத் கிடையாது. மையத்தின் வழியாகப் புத்தகங்கள், போர்டுகள், செஸ் கடிகாரங்கள் கிடைத்தன. இன்று மொபைலில் ஒரு ஆப் இறக்கினால் லட்சக்கணக்கான ஆட்டங்கள் கைக்குள். அன்று ஒரு நல்ல ஓப்பனிங் புத்தகம் கிடைப்பதே பெரிய விஷயம். செஸ் கடிகாரமும் அப்படித்தான். வீட்டில் நேரம் பார்க்காமல் ஆடிப் பழகியவர் போட்டியில் கடிகாரத்தைப் பார்த்ததும் பதறிவிடுவார். நேரத்தோடு ஆடிப் பழகினால்தான் போட்டி ஆட்டக்காரர் ஆக முடியும்.

ஆரோன் திரும்பத் திரும்பச் செய்த வேலை இதுதான். இந்திய முறையை விட்டு சர்வதேச விதிக்கு வாருங்கள், ஓப்பனிங்குகளைப் படியுங்கள், புத்தகம் படியுங்கள் என்று ஆட்டக்காரர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பல செஸ் குழுக்களை உருவாக்கினார். 'தி இந்து' நாளிதழில் செஸ் பற்றி எழுதினார். 'செஸ் மேட்' என்ற பத்திரிகையை நடத்தினார். அவர் மகன் அரவிந்த் ஆரோனும் செஸ் எழுத்தாளர் ஆனார். ஒன்று சொல்ல வேண்டும்: தேசிய சாம்பியனாக இருக்கும் ஒருவர், தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஆட்களைத் தானே தயார்செய்துகொண்டிருந்தார். தனக்குத் தெரிந்ததைப் பூட்டி வைத்திருந்தால் இன்னும் சில பட்டங்கள் கூடியிருக்கலாமோ என்னவோ.

ஜெயித்தால் உட்கார்... தோற்றால் எழுந்திரு!

டால் கிளப்பைப் பற்றி ஆனந்த் பேட்டிகளில் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே 'பிளிட்ஸ்' ஆடுவார்கள், அதாவது ஆளுக்குச் சில நிமிடங்களே உள்ள வேக ஆட்டம். போர்டு கொஞ்சம், ஆட்கள் நிறைய. அதனால் ஒரு வழக்கம். ஜெயித்தவர் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கலாம். தோற்றவர் எழுந்து, வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மறுபடி முறை வரும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

தெருவில் கேரம் ஆடியவர்களுக்கு இது தெரிந்த விதிதான். ஆனால், ஒரு சின்னப் பையனின் இடத்தில் இருந்து யோசியுங்கள். சுற்றி எல்லோரும் பெரியவர்கள். தோற்றால் சீட் போய்விடும். உட்கார்ந்தே இருக்க வேண்டுமென்றால் ஒரே வழி, வேகமாக யோசிக்க வேண்டும், ஜெயிக்க வேண்டும். ஆனந்த் 'மின்னல் வேக ஆட்டக்காரர்' என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியதற்கு அந்த நாற்காலிக்கும் பங்கு உண்டு.

ஆனந்துக்கு முதலில் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தது அவர் அம்மா சுசீலா. ஆறு வயதில். அந்த ஆர்வத்துக்குத் தீனி போட டால் கிளப் இருந்தது. இடையில் அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போய் வந்தது. பிறகு எல்லாம் வேகம்தான். 1983-ல் தேசிய சப்-ஜூனியரில் ஒன்பதுக்கு ஒன்பது. 1984-ல் சர்வதேச மாஸ்டர். 1986-ல், 16 வயதில், தேசிய சாம்பியன். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். ஆரோன் சர்வதேச மாஸ்டர் ஆனதில் இருந்து கணக்குப் போட்டால் 27 வருடம்.

இதை வைத்து 'ஆனந்தை உருவாக்கியவர் ஆரோன்' என்று சொல்லிவிடக் கூடாது. ஆனந்தின் திறமை ஆனந்துடையது. மகனைப் போட்டிப் போட்டியாக அழைத்துப்போன அம்மாவின் உழைப்பும் அதில் உண்டு. ஆரோன் செய்தது, அப்படி ஒரு பையன் வரும்போது போய் உட்கார ஒரு இடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டது. சுல்தான் கானுக்கு ஊர் திரும்பியபோது அப்படி ஒரு இடம் இல்லை.

இன்று ஆழ்வார்பேட்டை பக்கம் போனால் ரஷ்யக் கலாச்சார மையத்தின் வாசலைப் பார்க்கலாம். சோவியத் யூனியன் 1991-ல் கலைந்துபோனது. இன்றைய பிள்ளைகள் கிளப்பில் வரிசையில் நிற்பதில்லை. வேலம்மாள் மாதிரி பள்ளிகள், ஆர்.பி.ரமேஷ் மாதிரி பயிற்சியாளர்கள், ஆன்லைன் பிளிட்ஸ் என்று வழி மாறிவிட்டது. தோற்றால் எழுந்திருக்க வேண்டாம். 'ரீமேட்ச்' பட்டனைத் தட்டினால் போதும்.

ஆரோன் விடாமல் செய்த இன்னொரு வேலை, எழுதி வைப்பது. விஜய் டி.பண்டிட்டோடு சேர்ந்து இந்திய செஸ் வரலாற்றை ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 2014-ல் வெளியான அது, கி.பி 570-ல் தொடங்கி 2010 வரைக்கும் வருகிறது. அப்போது அவருக்கு வயது எழுபதுகளின் கடைசி.

ஸ்டாக்ஹோம் 1962 ஆட்டங்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேற்று ராத்திரி ஆரோன் - போர்டிஷ் ஆட்டத்தை போனில் போட்டு நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். பாதி புரியவில்லை. தாத்தா இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, சிப்பாய் இரண்டு கட்டம் போகும்போதெல்லாம் முறைத்திருப்பார்.